சிறு சேதத்துக்குக் காப்பீட்டைக் கேட்பதா, கைக்காசைப் போடுவதா?

தஞ்சைப் பகுதியின் விவசாயக் குடும்பங்களில் வளர்ந்தவர்களுக்குக் காப்பீடு என்றால் முதலில் தெரிந்தது பயிர்க் காப்பீடுதான். 2016 முதல் நடைமுறையில் உள்ள பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில், சம்பா நெல்லுக்குக் காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதத்தைப் பிரீமியமாகச் செலுத்திவிட்டு, வருவாய்க் கிராம அளவில் நடக்கும் அறுவடைப் பரிசோதனை என்ன சொல்கிறது என்று காத்திருப்போம். பரவலான மகசூல் இழப்புக்குப் பணம் கேட்பதா வேண்டாமா என்பது தனி விவசாயியின் கையில் இல்லை. கிராமத்துக்கு வந்தால் நமக்கும் வரும். வாங்கிக்கொண்டதற்காக நம் ஒருவருக்கு மட்டும் அடுத்த ஆண்டு பிரீமியம் கூடப்போவதும் இல்லை. இதே மனப்போக்கோடு கார் காப்பீட்டையும் அணுகுவதால்தான், கதவில் ஒரு ஒடுக்கு விழுந்தவுடன் பலர் யோசிக்காமல் கிளெய்ம் போடுகிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. கார் காப்பீட்டில் கேட்பதும் கேட்காததும் நம் முடிவு. கேட்டால் அதற்கு வருகிற ஆண்டுகளில் நாமே ஒரு விலை கொடுக்கிறோம். அந்த விலையைக் கணக்கிடும் முறை கடினமானதன்று, ஆனால் அதை யாரும் நமக்கு உட்கார்ந்து சொல்லித் தருவதில்லை என்பதால் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

கடந்த சம்பா அறுவடையின்போது, கும்பகோணத்திலிருந்து வலங்கைமான் வழியாக நீடாமங்கலம் செல்லும் சாலையில் இந்தக் கேள்வி எனக்கே வந்தது. சாலையின் ஒரு பாதியில் நெல் காய்ந்துகொண்டிருக்க, எதிரே நெல் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு கொள்முதல் நிலையத்துக்குச் சென்ற டிராக்டருக்கு வழிவிட்டு ஓரமாக நின்றிருந்தேன். டிராக்டர் கடந்துவிட்டது; பின்னால் வந்த டிரெய்லரின் இரும்பு மூலை என் காரின் வலப்பக்கப் பின்கதவில் தொடங்கி, அதை அடுத்த தகட்டை உரசி, பம்பரின் மூலையைக் கிழித்துவிட்டுப் போயிற்று. யாருக்கும் காயமில்லை. ஓட்டிவந்த இளைஞர் உடனே இறங்கி வந்து வருத்தம் தெரிவித்தார்.

சட்டப்படி பார்த்தால், அந்த டிராக்டரின் மூன்றாம் நபர் காப்பீட்டிலிருந்து, அதாவது அதனால் பிறருக்கு ஏற்படும் சேதத்துக்கான காப்பீட்டிலிருந்து, இழப்பீடு கோர எனக்கு வழி உண்டு. அதற்குக் காவல் நிலையத்தில் புகார் பதிவாக வேண்டும். மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் வழக்குத் தொடுக்க வேண்டும். வக்கீல் வைக்க வேண்டும். வாய்தாக்களுக்கு அலைய வேண்டும். பெருஞ்சேதத்துக்கோ உடற்காயத்துக்கோ அந்த வழி மிகவும் அவசியம். ஒரு கதவுக்கும் பம்பருக்கும் அது ஏற்றதன்று. ஆகவே எஞ்சியவை இரண்டுதான்: என் சொந்தக் காப்பீட்டில் கேட்பது, அல்லது நானே செலவழிப்பது.

வீட்டில் இரண்டு கருத்துகளும் எழுந்தன. என் மைத்துனர், "வருஷா வருஷம் கட்டுறீங்க அத்தான், ஒரு தடவையாவது வாங்க வேணாமா?" என்றார். மன்னார்குடியில் இருக்கும் சித்தப்பாவோ, "இதுக்கெல்லாம் போய் நின்னா பேரு கெட்டுப்போயிடும்பா, விட்டுடு" என்று தொலைபேசியில் சொன்னார். இருவரும் என் மேல் உள்ள அக்கறையில்தான் பேசினார்கள்; ஆனால் இரண்டும் கணக்கிலிருந்து பிறந்த கருத்துகள் அல்ல. இதுவரை கட்டிய பிரீமியம், இதுவரை வண்டி பாதுகாப்போடு ஓடியதற்கான விலை, அது செலவாகிவிட்டது. கிளெய்ம் போட்டாலும் போடாவிட்டாலும் திரும்பி வராத பணத்தை இந்த முடிவுக்குள் கொண்டுவரவே கூடாது. அதேபோல, ஒப்பந்தத்தில் எழுதப்பட்ட உரிமையைக் கேட்பதில் வெட்கப்பட எதுவுமில்லை. கேட்பதால் இன்று நம் கைக்கு என்ன வரும், நாளை நம் கையை விட்டு என்ன போகும் என்ற இரண்டை மட்டும்தான் பார்க்க வேண்டும்.

முதலில் போவதைப் பார்ப்போம். கார் காப்பீட்டுப் பிரீமியத்தில் இரண்டு பகுதிகள் உண்டு. மூன்றாம் நபர் பிரீமியத்தை அரசு நிர்ணயிக்கிறது. 2022 ஜூன் முதல் நடைமுறைக்கு வந்த கட்டணப்படி, 1000 சி.சி.க்கு மேல் 1500 சி.சி. வரையுள்ள சொந்தப் பயன்பாட்டுக் காருக்கு அது 3,416 ரூபாய். நாம் கிளெய்ம் போட்டதும் போடாததும் இந்தத் தொகையைத் தொடாது. மற்றொரு பகுதி, நம் வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்கான பிரீமியம். நோ கிளெய்ம் போனஸ் என்ற தள்ளுபடி இதில் மட்டுமே கிடைக்கிறது. கிளெய்ம் இல்லாமல் ஓராண்டு முடிந்தால் 20 சதவீதம், தொடர்ந்து இரண்டு ஆண்டுகளுக்கு 25, மூன்றுக்கு 35, நான்குக்கு 45, ஐந்துக்கு 50 என்று அது ஏறும். அதற்கு மேல் ஏறாது. 2002ஆம் ஆண்டின் இந்திய மோட்டார் டாரிஃப் என்னும் கட்டண விதித் தொகுப்பில் இருந்த இந்த அடுக்கு, 2007இல் சொந்தச் சேதப் பிரீமியத்தின் விலைக்கட்டுப்பாடு நீங்கிய பிறகும் மாறாமல் தொடர்கிறது. ஒரே ஒரு கிளெய்ம், அது இரண்டாயிரம் ரூபாய்க்கானதாக இருந்தாலும் இரண்டு லட்சத்துக்கானதாக இருந்தாலும், அடுத்த புதுப்பித்தலில் இந்தத் தள்ளுபடியைப் பூச்சியமாக்கிவிடும்.

பலரும் இந்த இடத்தில் அடுத்த ஓராண்டின் இழப்பை மட்டும் பார்த்துவிட்டு நின்றுவிடுகிறார்கள். இழப்பு ஓராண்டோடு முடிவதில்லை. பூச்சியத்துக்கு வந்தவர் மறுபடியும் 20, 25, 35, 45 என்று ஏறித்தான் 50ஐ அடைய வேண்டும். அந்த ஆண்டுகளிலெல்லாம், கிளெய்ம் போடாமல் இருந்திருந்தால் கிடைத்திருக்கும் தள்ளுபடிக்கும் இப்போது கிடைக்கும் தள்ளுபடிக்கும் உள்ள வேறுபாட்டை அவர் தன் கையிலிருந்து கட்டுகிறார். ஏற்கெனவே 50 சதவீதத்தில் இருப்பவரை எடுத்துக்கொள்ளுங்கள். கிளெய்ம் போட்டால் அடுத்த ஐந்து புதுப்பித்தல்களில் அவர் முறையே 50, 30, 25, 15, 5 சதவீதங்களை இழக்கிறார். கூட்டினால் 125. தள்ளுபடி கழிக்கும் முன்னுள்ள ஓராண்டுச் சொந்தச் சேதப் பிரீமியத்தைப் போல ஒன்றேகால் மடங்கு. இதே முறையில் கூட்டிப் பார்த்தால், அடுத்த ஆண்டு 45 சதவீதம் கிடைக்கவிருந்தவருக்கு மொத்த இழப்பு 120 சதவீதம். 35 கிடைக்கவிருந்தவருக்கு 105. 25 கிடைக்கவிருந்தவருக்கு 80. முதல் முறையாக 20 கிடைக்கவிருந்தவருக்கு 50 சதவீதம் மட்டுமே. இதன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் உண்டு. இடையில் வேறு கிளெய்ம் எதுவும் வராது என்ற அனுமானத்தில் போட்ட கணக்கு இது. வண்டியின் மதிப்பு ஆண்டுதோறும் குறைவதால் அடிப்படைப் பிரீமியமும் ஓரளவு குறையும். ஆகவே உண்மையான இழப்பு இதைவிடச் சற்றுக் குறைவாக இருக்கலாம்.

ஆனால் அதற்கு நேர்மாறாக இழுக்கும் ஒன்றும் உண்டு. இந்த போனஸ் வண்டிக்கு உரியதன்று, உரிமையாளருக்கு உரியது. பழைய காரை விற்றுவிட்டுப் புதிய கார் வாங்குகிறவர், தன் நிறுவனத்திடம் போனஸ் சான்றுக் கடிதம் பெற்று, மூன்று ஆண்டுகளுக்குள் அதைப் புதிய காரின் காப்பீட்டில் பயன்படுத்திக்கொள்ளலாம். புதிய காரின் சொந்தச் சேதப் பிரீமியம் 20,000 ரூபாயாக இருந்தால், 50 சதவீத போனஸ் அந்த ஓராண்டில் மட்டுமே 10,000 ரூபாயைக் காப்பாற்றித் தரும். இன்னும் ஓரிரு ஆண்டுகளில் வண்டியை மாற்றும் எண்ணமுள்ளவர்கள் கதவுக் கீறலுக்காக அதைச் செலவழித்துவிடக் கூடாது. இனி கார் வைத்துக்கொள்வதில்லை என்று முடிவெடுத்த முதியவருக்கோ, வெளிநாட்டுக்கு நிரந்தரமாகக் குடிபெயரப் போகிறவருக்கோ அந்த போனஸால் பயன் எதுவுமில்லை. அவர்கள் தயங்காமல் கேட்கலாம்.

இனி வருவதைப் பார்ப்போம். பழுதுபார்க்கும் மதிப்பீட்டில் உள்ள தொகை முழுவதையும் நிறுவனம் தந்துவிடும் என்று எண்ணிக்கொண்டு கிளெய்ம் போடுகிறவர்கள், வண்டியை எடுக்கப் போகும் அன்று தங்கள் பங்காக வரும் தொகையைக் கண்டு திகைக்கிறார்கள். புதிதாக மாற்றப்படும் பாகங்களுக்குத் தேய்மானம் கழிக்கப்படும். பிளாஸ்டிக், ரப்பர், டயர், பேட்டரி ஆகியவற்றுக்கு வண்டியின் வயது எதுவானாலும் 50 சதவீதம். ஃபைபர் பாகங்களுக்கு 30 சதவீதம். கண்ணாடிக்கு மட்டும் கழிவு இல்லை. இரும்புத் தகடு முதலானவற்றுக்கு வயதுக்கேற்ப: ஆறு மாதம் வரை எதுவுமில்லை, ஓராண்டு வரை 5, இரண்டு வரை 10, மூன்று வரை 15, நான்கு வரை 25, ஐந்து வரை 35, பத்து வரை 40, அதற்கு மேல் 50 சதவீதம். பெயிண்ட் வேலைக்கான தொகையில் கால் பங்கைப் பொருளின் விலையாகக் கொண்டு, அதில் பாதியைக் கழிப்பார்கள். கூலிக்குத் தேய்மானம் கிடையாது. இவற்றுக்குப் பிறகு, 1500 சி.சி. வரையுள்ள காருக்கு 1,000 ரூபாயும் அதற்கு மேற்பட்ட காருக்கு 2,000 ரூபாயும் ஒவ்வொரு கிளெய்மிலும் கட்டாயமாகக் கழியும். இன்றைய கார்களில் சிறு மோதலில் முதலில் உடைவது பம்பர், விளக்கு, பக்கக் கண்ணாடியின் கூடு என்று பெரும்பாலும் பிளாஸ்டிக்கே என்பதால், சிறு சேதங்களில் இந்தப் பாதிக் கழிவுதான் நம்மை அதிகம் பாதிக்கிறது.

என் காருக்கு நான்கு வயது கடந்திருந்தது. ஜீரோ டெப் என்னும் தேய்மானமில்லாக் காப்பு இணைப்பு அந்த ஆண்டு எடுக்கப்படவில்லை. அடுத்த புதுப்பித்தலில் எனக்கு 45 சதவீத போனஸ் கிடைக்க வேண்டும். தள்ளுபடிக்கு முந்தைய சொந்தச் சேதப் பிரீமியம் 7,500 ரூபாய். கம்பெனி சர்வீஸ் சென்டரில் தந்த மதிப்பீடு, வரிகள் உட்பட, புதிய பம்பருக்கு 6,000, கதவையும் தகட்டையும் ஒடுக்கு எடுக்கும் கூலி 4,000, மூன்று இடங்களுக்குப் பெயிண்ட் 9,000, ஆக மொத்தம் 19,000 ரூபாய். கதவை மாற்றாமல் சரிசெய்வதால் அதற்குத் தேய்மானம் இல்லை. பம்பரில் 3,000, பெயிண்டில் 1,125, கட்டாயக் கழிவு 1,000 என்று என் பங்காக 5,125 ரூபாய் வரும். நிறுவனம் 13,875 ரூபாய் தரும். நான் இழக்கும் போனஸோ 7,500 ரூபாயின் 120 சதவீதமான 9,000, அதோடு ஜி.எஸ்.டி. சேர்த்து 10,620 ரூபாய். இந்த அளவில் பார்த்தால் கிளெய்ம் போடுவதே 3,255 ரூபாய் இலாபம் என்று தோன்றும். காப்பீட்டுப் பிரிவில் இருந்த அலுவலரும் அப்படித்தான் சொன்னார். அவர் சொன்ன கணக்கில் தவறில்லை.

ஆனால் அந்தக் கணக்கு, கிளெய்ம் போடாவிட்டாலும் நான் அதே இடத்தில் அதே 19,000 ரூபாய்க்கு வேலை செய்வேன் என்று எடுத்துக்கொள்கிறது. கும்பகோணம் போன்ற ஊரில் அந்த அனுமானம் பொருந்தாது. பல்லாண்டுகளாகத் தகட்டு வேலை செய்துவரும் டிங்கர்கள் இங்கே இருக்கிறார்கள். எங்கள் குடும்பத்து வண்டிகளைப் பார்ப்பவர் அவர்களில் ஒருவர். அவர் பம்பரின் கிழிசலைத் தடவிப் பார்த்துவிட்டு, "கம்பெனியில இதைப் புதுசா மாத்துவாங்க சார். நான் இதையே சூடு வச்சு ஒட்டி, தேய்ச்சு, பெயிண்ட் அடிச்சுத் தர்றேன். லாக்கெல்லாம் நல்லா இருக்கு, அசையாது" என்றார். மூன்றுக்குமாக அவர் கேட்டது 9,500 ரூபாய். ஒப்பிட வேண்டிய இரு தொகைகள் இவைதான்: கிளெய்ம் போடாமல் அவரிடம் செய்தால் மொத்தச் செலவு 9,500; கிளெய்ம் போட்டால் இன்று 5,125, வரும் ஆண்டுகளில் 10,620, ஆக 15,745 ரூபாய். வேறுபாடு 6,245 ரூபாய். நிறுவனம் தரும் தொகையையும் நாம் இழக்கும் போனஸையும் எதிரெதிரே வைப்பதைவிட, இரண்டு வழிகளிலும் நம் கையிலிருந்து போகும் மொத்தப் பணத்தை எதிரெதிரே வைப்பதே சரியான முறை என்று நான் உறுதியாகச் சொல்வேன். ஜீரோ டெப் இருந்திருந்தால் கிளெய்ம் வழியில் என் மொத்தச் செலவு 11,620 ஆகியிருக்கும். அப்போதும் உள்ளூர் வேலையே மலிவு; ஆனால் புதிய பம்பரும் கம்பெனி சர்வீஸ் சென்டரின் பெயிண்டும் கிடைக்கும் என்பதற்காக ஒருவர் அந்த 2,120 ரூபாயைக் கூடுதலாகக் கொடுக்க நினைத்தால், அதை நான் தவறென்று சொல்ல மாட்டேன்.

உள்ளூர்ப் பட்டறையை எல்லாவற்றுக்கும் பரிந்துரைக்கவும் முடியாது. வெறும் தகடும் பிளாஸ்டிக்கும் என்றால் அங்கே கொடுக்கலாம். பின்பக்க சென்சார், கேமரா, பக்கவாட்டு ஏர்பேக் இருக்கும் இடம், முன்பக்கத்தில் ரேடியேட்டரைத் தாங்கும் சட்டம் ஆகியவற்றை மோதல் தொட்டிருந்தால், அவற்றைச் சோதிக்கும் கருவி உள்ள இடத்துக்குத்தான் வண்டி போக வேண்டும். உலோக நிறப் பெயிண்ட், குறிப்பாக முத்துவெள்ளை, சிவப்பு ஆகியவற்றில் நிறம் பொருந்துவது கலவை செய்பவரின் கையைப் பொறுத்தது. அவர் முன்பு அடித்த ஒரு வண்டியை வெயிலில் நிறுத்திப் பார்த்துவிட்டு முடிவெடுப்பது நல்லது.

சேதம் உண்மையிலேயே சிறியதா என்பதை உறுதிசெய்யாமல் எந்தக் கணக்கையும் தொடங்கக் கூடாது என்பதை இந்த இடத்தில் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். பம்பர் மோதிய பிறகு பழைய வடிவத்துக்கு மீண்டுவிடும். அதன் உள்ளே இருக்கும் இரும்புக் குறுக்குச் சட்டம் வளைந்திருக்கும். வாய்க்கால் கரைச் சாலைகளில் சரளைக் கற்களின் மேல் வண்டியின் அடிப்பகுதி இடிபடுவது நமக்குப் பழகிப்போன ஒன்று. வெளியே ஒரு கீறலும் இராது, ஆனால் இன்ஜினின் அடியில் எண்ணெய் தேங்கும் தொட்டியான ஆயில் சம்ப் விரிசல் விட்டிருக்கும். அதைக் கவனிக்காமல் ஓட்டி, எண்ணெய் வடிந்து இன்ஜின் பழுதானால், அந்த இன்ஜின் செலவைக் காப்பீட்டு நிறுவனம் ஏற்காது. விபத்துக்குப் பின் பழுதுபார்க்காமல் ஓட்டியதால் கூடிய சேதம் உரிமையாளரின் பொறுப்பு என்று பாலிசியின் நிபந்தனைகளிலேயே இருக்கிறது. ஆகவே வண்டியை லிஃப்டில் ஏற்றிக் கீழே பார்க்கச் சொல்லுங்கள். மதிப்பீட்டை எழுத்தில் வாங்குங்கள். மதிப்பீடு வாங்குவது கிளெய்ம் ஆகாது. கிளெய்ம் போடுவதாக இருந்தால் நிறுவனத்துக்கு உடனே தெரிவிக்க வேண்டும் என்பதும் நிபந்தனையாக இருப்பதால், இந்த யோசனையை வாரக்கணக்கில் இழுக்கக் கூடாது; சரிசெய்த பின்னர் கேட்கலாம் என்றும் நினைக்கக் கூடாது, ஏனெனில் நிறுவனத்துக்காகச் சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் பார்க்காத சேதத்தை நிரூபிப்பது கடினம்.

டெல்டாவில் வாழ்கிறவர்கள் நாள்காட்டியையும் பார்த்தே முடிவெடுக்க வேண்டும். நமக்குப் பெருஞ்சேதம் வரும் காலம் பெரும்பாலும் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழைக் காலம். 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் பகுதியில் கஜா புயல் கரை கடந்தபோது நாகை, திருவாரூர், தஞ்சை மாவட்டங்களில் தென்னை மரங்கள் எப்படிச் சாய்ந்தன என்பதை நேரில் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அப்படி ஒரு மரம் கூரையின் மேல் விழும் நாளுக்காகத்தான் இந்தக் காப்பீடு இருக்கிறது. ஜீரோ டெப் இணைப்புகளில் பலவற்றில் ஓராண்டுக்கு இத்தனை கிளெய்ம்கள்தான் என்று வரம்பு உண்டு. இரண்டு என்பது வழக்கமான வரம்புகளில் ஒன்று. ஆடி மாதத்தில் ஒரு கதவுக் கீறலுக்கும் புரட்டாசியில் ஒரு பம்பர் மூலைக்கும் அவற்றைப் பயன்படுத்திவிட்டு, ஐப்பசி மழையில் பெருஞ்சேதம் வரும்போது தேய்மானம் கழித்த தொகையோடு நிற்பது வேதனையானது. இதன் மறுபக்கமும் உண்மை: ஒரு பாலிசி ஆண்டில் பெரிய கிளெய்ம் ஒன்று போட்டாகிவிட்டது என்றால் அவ்வாண்டின் போனஸ் போய்விட்டது, அதே ஆண்டில் பின்னர் வரும் இன்னொரு சேதத்துக்குக் கேட்பதால் இழக்க போனஸ் இல்லை. கட்டாயக் கழிவும் தேய்மானமும் மட்டுமே அப்போது கணக்கில் வரும். தண்ணீரில் நின்ற காரைச் சாவி போட்டு இயக்கிப் பார்ப்பதால் இன்ஜினுக்குள் நீர் புகுந்து ஏற்படும் சேதம், இன்ஜின் பாதுகாப்பு இணைப்பு இல்லாத பாலிசிகளில் பொதுவாகச் சேராது என்பதையும் மழைக்கு முன்பே தெரிந்து வைத்திருப்பது நல்லது.

இந்தப் பேச்சு வரும்போதெல்லாம் யாராவது ஒருவர், "போடுறதுதான் போடுறோம், பழைய கோடு எல்லாத்தையும் சேர்த்து ஒரே கிளெய்மா போட்டுடலாம்" என்று சொல்வதுண்டு. இதை நான் முழுமையாக எதிர்க்கிறேன். வெவ்வேறு நாளில் வெவ்வேறு காரணத்தால் ஏற்பட்ட சேதங்கள் தனித்தனிக் கிளெய்ம்களே. கீறலில் துரு ஏறியிருப்பது, அழுக்கு படிந்திருப்பது, உரசல் சென்ற திசை, தரையிலிருந்து அதன் உயரம் ஆகியவற்றை வைத்தே சர்வேயர்கள் பழையதையும் புதியதையும் பிரித்துவிடுகிறார்கள். அகப்பட்டுக்கொள்வோம் என்பதற்காக மட்டும் நான் இதைச் சொல்லவில்லை. பொய்யாக எழுதி வாங்கும் பணம், நம்மைப் போலவே பிரீமியம் கட்டும் மற்றவர்களுடைய பணம்; அதை எடுக்க நமக்கு உரிமையில்லை. நிறுவனம் மாறும்போது, போன ஆண்டு கிளெய்ம் போட்டதை மறைத்து போனஸ் வாங்குவதும் இதே வகைதான். புதிய நிறுவனம் பழைய நிறுவனத்திடம் கேட்டு அறிந்துகொண்டால், பின்னர் பெரிய விபத்தில் சொந்தச் சேத இழப்பீடே மறுக்கப்படலாம்.

மனிதருக்குக் காயம் ஏற்பட்டிருந்தால் இந்தக் கணக்கு எதற்கும் இடமில்லை. அது எவ்வளவு சிறிய காயமாக இருந்தாலும் மருத்துவ உதவி, காவல் நிலையம், காப்பீட்டு நிறுவனம் ஆகிய மூன்றுக்கும் உடனே தெரிவித்தாக வேண்டும். தவறு நம்முடையதாக இருக்கும்போது, சாலையோரத்திலேயே பணம் கொடுத்து முடித்துக்கொள்ளும் வழக்கமும் நம் பக்கத்தில் உண்டு. நிறுவனத்தின் எழுத்துமூல ஒப்புதல் இல்லாமல் பொறுப்பை ஏற்பதோ தொகை பேசுவதோ கூடாது என்று பாலிசி சொல்கிறது. பின்னர் எதிர்த்தரப்பு வழக்குக்குப் போனால் அந்தப் பேச்சு நமக்கே இடையூறாகும்.

என் காரை டிங்கரிடம் கொடுத்துச் சரிசெய்துகொண்ட சில மாதங்களில் சித்தப்பாவுக்கும் இதே கேள்வி வந்தது. வாங்கி ஓராண்டு நிறையாத காரை ஒரு கல்யாண மண்டபத்தில் பின்னோக்கி எடுக்கும்போது கல்தூணில் மோதி, பின்கதவு உள்வாங்கி, பம்பரும் ஒரு விளக்கும் உடைந்துவிட்டன. பேர் கெடும் என்ற தயக்கத்தில் அவர் கைக்காசைப் போடத் தயாராக இருந்தார். உட்கார்ந்து கணக்கிட்டோம். சர்வீஸ் சென்டர் மதிப்பீடு 46,000 ரூபாய். வெளியில் செய்தால் குறைந்தது 28,000. அவருக்கு ஜீரோ டெப் இருந்ததால் கட்டாயக் கழிவான 1,000 ரூபாய் மட்டுமே அவர் பங்கு. அடிப்படைப் பிரீமியம் 14,000. முதல் 20 சதவீதம்தான் அடுத்து கிடைக்கவிருந்தது என்பதால் அவருடைய மொத்த போனஸ் இழப்பு அதில் பாதியான 7,000, ஜி.எஸ்.டி.யோடு 8,260. ஆக 9,260 ரூபாய்க்கு எதிராக 28,000. "அப்ப கேக்கறதுதான் நியாயம்" என்று அவரே சொல்லி, அன்று மாலையே நிறுவனத்துக்குத் தெரிவித்தார்.

புதுப்பிக்கும் மாதத்தில் ஒருமுறை இந்தக் கணக்கைப் போட்டு வைத்துக்கொண்டால், விபத்து நடந்த பதற்றத்தில் யோசிக்க வேண்டியிராது. தள்ளுபடிக்கு முந்தைய சொந்தச் சேதப் பிரீமியம் பாலிசித் தாளிலேயே இருக்கும். அதை நம் போனஸ் நிலைக்குரிய சதவீதத்தால் பெருக்கி, ஜி.எஸ்.டி.யையும் கட்டாயக் கழிவையும் கூட்டினால், எவ்வளவு ரூபாய்க்குக் கீழே கேட்பதில் பொருளில்லை என்பது தெரிந்துவிடும். எனக்கு அந்த எல்லை ஏறத்தாழ 11,600 ரூபாய். அதற்குக் கீழே எப்படியும் கேட்கப்போவதில்லை என்பதால், வரும் புதுப்பித்தலில் 5,000 ரூபாய்க்குத் தன்விருப்பக் கழிவை, அதாவது கட்டாயக் கழிவுக்கு மேல் ஒவ்வொரு கிளெய்மிலும் அவ்வளவு தொகையை நானே ஏற்பதாகும் ஒப்பந்தத்தை, ஏற்றுக்கொள்வதாக இருக்கிறேன்; பழைய டாரிஃப் அளவுப்படி அதற்குச் சொந்தச் சேதப் பிரீமியத்தில் 25 சதவீதம், அதிகபட்சம் 1,500 ரூபாய் வரை குறையும். இன்று ஒவ்வொரு நிறுவனமும் வேறு வேறு தொகையைச் சொல்வதால், கழிவு உள்ளதற்கும் இல்லாததற்கும் தனித்தனியாக விலைப்பட்டியல் கேட்டிருக்கிறேன். கார் ஐந்து வயதை எட்டுவதால், ஜீரோ டெப் தர இன்னும் எந்த நிறுவனங்கள் முன்வருகின்றன என்றும் அதே கடிதத்தில் கேட்டிருக்கிறேன். பருவமழைக்கு முன்பு பதில்கள் வந்துவிட்டால், இன்ஜின் பாதுகாப்போடு சேர்த்து அதை எடுப்பதா என்று முடிவெடுப்பேன்.